காக்கைக்கால் குறி

மூன்றே வெட்டு.
ராஜாவின் மரக்கணக்கன் கோடரியைத் துடைத்துக்கொண்டு
அடுத்த பண்ணைக்குப் போய்விட்டான்.
பார்க்கக் காக்கைக்கால் போலிருந்தது.
வெட்டுவாயில் பிசின் வடிந்து
மறுநாளே ஈ மொய்த்தது.

வெள்ளைப் பைன்.
பீலெக்கும் நானும் ஆளுக்கொரு பக்கம் நின்று
கைகோத்து அணைத்தால் ஒரு முழம் குறையும்.
பட்டா எங்கள் பேரில்,
மரம் அவர் பேரில்.
(எங்களுக்கு முன் பட்டாவே இல்லாமல் இங்கே
மீன் பிடித்தவர்களைப் பற்றி
அப்போது நான் நினைக்கவில்லை.)
கடலுக்கு அப்பால் கட்டப்போகும் ஒரு போர்க்கப்பலுக்கு
அது பாய்மரமாகுமாம்.
அதுவரைக்கும் எங்கள் சோளத்தின்மேல்
நிழல் போட்டுக்கொண்டு நிற்கும்.

பன்னிரண்டு அங்குலம் தாண்டிய பைன் எல்லாம் ராஜாவுக்கு.
அவரை நாங்கள் பார்த்ததில்லை.
நாணயத்தில் பார்த்திருக்கிறோம்.
பக்கவாட்டு முகம், தேய்ந்த மூக்கு.

பாஸ்டன்காரர்கள் தேயிலை என்பார்கள்,
முத்திரைத்தாள் என்பார்கள்.
இருக்கலாம்.
நியூ ஹாம்ப்ஷயர் மலையில் எங்களுக்குத்
தேநீரே நோய் வந்தால்தான்.
எங்கள் கோபம் கூரையிலிருந்து ஒழுகியது,
கட்டிலின் தலைமாட்டில், சட்டிக்குள்,
சொட்டுச் சொட்டாக.
அடைக்கப் பலகை வேண்டும்.
பலகை, சன்னலைத் திறந்தால் எதிரே நின்றது.

பிறகு ஷெரீப் வந்தார்.
மரமறுக்கும் ஆலையில் ஆறு பலகை கண்டெடுத்தார்.
அபராதத்தைச் சொன்னபோது
பீலெக் சிரித்துவிட்டார்.
அவ்வளவு பணத்தை ஒருசேர
அவர் கனவிலும் எண்ணியதில்லை.

அன்றிரவு என் அடுக்களையில் இருபது ஆண்கள்.
கெண்டியின் அடிக்கரியைச் சுரண்டிப்
பன்றிக்கொழுப்பில் குழைக்கச் சொன்னார்கள்.
குழைத்துக் கொடுத்தவன் குவாக்கோ.
அவன் நிறத்தை அவனிடம் கேட்காமலே எடுத்து
முகத்தில் பூசிக்கொண்டு
ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.
அவன் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சத்திரத்தில் ஷெரீப்பைப் படுக்கையிலிருந்து இழுத்து
மரத்துக்கு ஓர் அடியென்று
விளாரால் எண்ணி எண்ணி அடித்தார்கள்.
அவர் குதிரையின் காதையும் அறுத்தார்கள்.
குதிரை என்ன சட்டம் போட்டது?
கேட்டேன். பீலெக் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்.
மறு வசந்தத்தில் அந்தக் குதிரை ஏலத்துக்கு வந்தது.
மலிவு என்று அவரே வாங்கிவந்தார்.

நாலு வருடம் போயிற்று.
ஒரு ஜூலையில் ஆலயப் படியில் நின்று
பள்ளிக்கூட வாத்தியார் காகிதம் படித்தார்.
பாதியைக் காற்று கொண்டுபோயிற்று.
சமம் என்ற சொல் மட்டும்
தெளிவாக என் காதில் விழுந்தது.
கூட்டத்தின் ஓரத்தில் குவாக்கோ
காதறுந்த குதிரையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.
அவனுக்கும் விழுந்திருக்கும்.
குதிரைக்கும்தான்.

அடுத்த நாளே மரத்தைச் சாய்த்தோம்.
விழுந்தபின் சோளக்கொல்லை முழுக்க வெயில்,
கண் கூசியது.
முப்பத்தெட்டு அங்குல அகலத்தில் பலகை.
இரண்டு நாள் அறுத்தான் குவாக்கோ.
பீலெக் அதைப் பரணில் பாவினார்.
இனி யாரும் அளக்க வரமாட்டான் என்றார்.

போர்வரி கேட்டுப் புது அரசு சொத்துக் கணக்கு கேட்டது.
இந்த வீட்டில் எழுதத் தெரிந்தவள் நான்.
எருது இரண்டு.
ரம்பம் ஒன்று.
குவாக்கோ, நாற்பது பவுண்டு.
இறகில் மை காய்ந்தது, மறுபடி தோய்த்தேன்.
ஒருமுறை புண்ணுக்கு மருந்திடும்போது
அவன் தோளைப் பார்த்திருக்கிறேன்.
எந்தக் கரையிலோ யாரோ சுட்ட குறி.
காக்கைக்கால் அல்ல, இரண்டெழுத்து.
அதற்காகவும் எவனாவது
முகத்தில் கரி பூசியிருக்கிறானா?
தொகையைக் கூட்டிக் கையெழுத்திட்டேன்.

அக்டோபரில் ஒரு ராத்திரி
பரண் பலகை ஒருதரம் முனகியது.
அத்தனை அகலப் பலகை, காலை எங்கே வைத்தாலும் முனகும்.
அப்புறம் ஏணி.
அப்புறம் கதவின் தோல்கீல்.
ரொட்டிப் பெட்டியின் மூடியை
அவன் மெதுவாக மூடியதுகூடக் கேட்டது.

பீலெக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.
எழுப்பவில்லை.
நல்ல மனசு என்று யாரும் எழுதவேண்டாம்.
எழுப்பவில்லை, அவ்வளவுதான்.
காலையில் குதிரை இருந்தது,
கோடரி இல்லை.